இணைப்பில் ஒழுகிய சுவர்கள்: பிரிட்டிஷ் கொலம்பியா தன் வீடு கட்டுநர்களுக்குப் பாடம் சொன்ன விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

1963 ஏப்ரலில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் கட்டடத் தொழிலில் இருப்பவர்களுக்காக ஒரு சிறு குறிப்பை வெளியிட்டது. மழைநீர் சுவருக்குள் எப்படி நுழைகிறது, அதைத் தடுப்பது எப்படி என்பதுதான் பொருள். வெளிப்பக்கத்தை என்னதான் பூசி அடைத்தாலும் நாளடைவில் எங்காவது விரிசல் விடும். அதனால் வெளித்தோலுக்குப் பின்னால் ஒரு காற்று இடைவெளி வேண்டும். அங்கே அழுத்தம் வெளியோடு சமமாகிவிட்டால் நீரை உள்ளே தள்ளும் விசை போய்விடும், மீறி வந்த நீரும் வடிந்துவிடும். தொழிலில் இன்று இதற்கு ரெயின்ஸ்க்ரீன் என்று பெயர்.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே நாட்டின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், அந்த இடைவெளி இல்லாமல் கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான குடியிருப்புகளின் மரச்சுவர்கள் உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருந்தன. சேதம் 400 கோடி கனடிய டாலர் இருக்கும் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வீட்டுக்கடனைக் கட்டிக்கொண்டே சுவரைப் பிரித்துக் கட்டவும் பணம் தேட வேண்டிய நிலைக்குப் பல குடும்பங்கள் வந்தன.

காகிதத்தில் இருந்த அறிவு கட்டுகிறவரின் கைக்கு ஏன் வந்து சேரவில்லை, பிறகு எப்படி வந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. எரிசக்தியைச் சேமிக்கும் வீடுகளைக் கட்ட வேண்டும், அதற்குக் கட்டுநர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி வேண்டும் என்று நினைக்கும் எவரும் இந்த மாகாணத்தின் கதையை ஒருமுறை முழுதாகப் படிப்பது நல்லது. வகுப்பு நடத்தியதால் மட்டும் அங்கே எதுவும் மாறவில்லை. கட்டுநர் தன் வீட்டைத் தானே அளந்து பார்க்கும் நிலை வந்த பிறகுதான் பாடம் மனதில் பதியத் தொடங்கியது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

சுவர் அழுகிய விதம்

வான்கூவர் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை பெய்கிறது. பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் வந்துவிடும். நாள்கணக்கில் விடாமல் தூறும் மழை அது. நனைந்த சுவர் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

1980-களின் தொடக்கத்திலிருந்து 1990-களின் கடைசி வரை அங்கே மூன்று, நான்கு மாடி மரச்சட்டக் குடியிருப்புகள் மளமளவென்று எழும்பின. பார்க்க வெயில் நாட்டுக் கட்டடங்கள் மாதிரி இருக்கும்: தட்டைக் கூரை, இறவாரம் கிடையாது, ஸ்டக்கோ என்ற சிமெண்டுச் சாந்து பூசிய சுவர், திறந்த பால்கனி. சுவரை வெளியிலிருந்து உள்ளே பிரித்துக்கொண்டு போனால் முதலில் ஸ்டக்கோ, அதன்பின் நீரைத் தடுக்க ஒட்டும் கட்டடக் காகிதம், ப்ளைவுட் அல்லது ஓ.எஸ்.பி. பலகை (மரச்சீவல்களை ஒட்டி அழுத்திச் செய்தது), மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே கண்ணாடி இழைப் பஞ்சு, அதன்மேல் 0.15 மி.மீ. பாலித்தீன் தாள், கடைசியாக ஜிப்சம் பலகை.

ஜன்னலின் கீழ் மூலையில் ஒரு சிறு பிளவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் புகுந்த நீர் காகிதத்தைத் தாண்டிப் பலகையை நனைக்கும். ஸ்டக்கோ நேராகப் பலகைமேல் ஒட்டி நிற்பதால் வடிய வழியில்லை. வீட்டுப் பக்கமாக ஆவியாகிப் போகலாம் என்றால் பாலித்தீன் தாள் விடாது. நனைந்த ஓ.எஸ்.பி. உப்பும், பிறகு பூஞ்சை பிடிக்கும், சில ஆண்டுகளில் விரலால் அமுக்கினால் உள்ளே போகும் அளவுக்குச் சட்டமே மக்கிவிடும். வெளியே பூச்சு அழகாகவே இருக்கும். அதனால்தான் இது இவ்வளவு நாள் தெரியாமல் இருந்தது.

கனடா அடமான, வீட்டுவசதிக் கழகத்துக்காக 1996-இல் 46 கட்டடங்களை ஆராய்ந்தார்கள். பிரச்சினைகளில் சுமார் 90 சதவீதம் சுவரின் பரந்த பகுதியில் இல்லை. ஜன்னல் சுவரைத் தொடும் இடம், பால்கனி சுவரோடு சேரும் இடம், குழாயோ கம்பியோ சுவரைத் துளைக்கும் இடம் என்று எல்லாமே இணைப்புகளில் இருந்தன. பொருள் என்ற வகையில் எதுவும் பெரிதாகக் கெட்டதில்லை. ஒரு பொருளும் இன்னொரு பொருளும் சந்திக்கும் இடத்தில், யாருடைய வேலை என்று தெளிவில்லாத அந்தச் சில அங்குலத்தில் கோளாறு. ஜன்னல் பொருத்துபவர் தன் வேலையை முடித்துப் போய்விட்டார், காகிதம் ஒட்டுபவர் தன் வேலையை முடித்துப் போய்விட்டார். எது எதன்மேல் படிய வேண்டும் என்பதை இருவருக்கும் யாரும் சொல்லவில்லை.

ஒழுகலுக்கும் எரிசக்திக்கும் என்ன தொடர்பு?

நேரடியான தொடர்பு. இதை விளங்கிக்கொள்ளாமல் நடத்தும் எந்த எரிசக்திப் பயிற்சியும் ஆபத்தானது என்றுகூடச் சொல்வேன்.

வெப்பக்காப்பு குறைவான பழைய சுவர் வழியே வீட்டின் சூடு தாராளமாக வெளியேறும். எரிபொருள் வீண்தான். ஆனால் அந்தச் சூடு போகிற போக்கில் நனைந்த பலகையைக் காயவைத்துவிட்டும் போகும். காப்பைக் கூட்டினால் வெளியேறும் சூடு குறையும், வெளிப்பலகை குளிர்ந்து கிடக்கும், காய்வதற்கான சக்தியும் குறையும். அதாவது, நன்றாகக் காப்பிட்ட சுவர் சின்ன ஒழுகலைக்கூடத் தாங்காது. உள்ளிருந்தும் இதே ஆபத்து உண்டு. குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று ஒரு மின்பெட்டியின் ஓட்டை வழியே சுவருக்குள் கசிந்தால், குளிர்ந்த பலகையில் பட்டு நீராகும். ஜிப்சம் பலகையை ஊடுருவி மெல்லப் பரவும் ஆவியைவிட இப்படி ஓட்டை வழியே காற்றோடு போகும் ஈரம் பல பத்து மடங்கு அதிகம்.

ஆகவே காப்பு, காற்றுத்தடை, நீர்வடிகால், காற்றோட்டம் ஆகிய நான்கையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். "காப்பைக் கூட்டுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் மற்ற மூன்றும் காலை வாரும்.

அதே நாட்டில், அதே காலத்தில், வேறு ஒரு வழி

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதே கனடாவில் 1977-இலேயே சஸ்காச்சுவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில் ஒரு சோதனை வீடு கட்டப்பட்டது. ஹரோல்ட் ஓர் என்ற பொறியாளரும் அவரோடு இருந்தவர்களும் வடிவமைத்த அந்த வீட்டில் இரட்டைச் சுவர், வழக்கத்தைவிடப் பல மடங்கு காப்பு, வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவி எல்லாம் இருந்தன. குளிர்காலத்தில் உறைநிலைக்கு வெகு கீழே போகும் ஊரில், வழக்கமான சூடேற்றும் உலை இல்லாமலே அந்த வீடு இயங்கியது. காற்றுக்கசிவு 50 பாஸ்கல் அழுத்தத்தில் மணிக்கு 0.8 மாற்றம், அதாவது வீட்டின் கொள்ளளவில் 0.8 மடங்கு காற்று ஒரு மணி நேரத்தில் கசியும். இன்றைக்கும் பெரும்பாலான புது வீடுகள் எட்டாத அளவு அது. பிற்காலத்தில் ஜெர்மனியில், மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் வீடுகளுக்கான பாசிவ்ஹவுஸ் தரத்தை உருவாக்கியவர்களும் இந்த வீட்டை முன்னோடி என்று ஒப்புக்கொண்டவர்கள்தான்.

அந்த அனுபவத்திலிருந்து 1982-இல் ஆர்-2000 என்ற தேசியத் திட்டம் பிறந்தது. கட்டுநர் விருப்பப்பட்டால் சேரலாம். சேர்ந்தால் மூன்று நிபந்தனைகள்: பயிற்சி எடுக்க வேண்டும், வீட்டுக்கு முறையான இயந்திரக் காற்றோட்டம் வைக்க வேண்டும், கட்டி முடித்ததும் காற்றுக்கசிவுச் சோதனையில் 1.5-க்குள் வர வேண்டும். சில வீடுகளை மாதிரிக்கு எடுத்துப் பார்க்கும் வேலை இல்லை, திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் சோதனை உண்டு.

ஆக, 1980-களில் ஒரே நாட்டில் இரண்டு உலகங்கள் இருந்தன. ஒன்றில் கட்டுநர் படித்தார், கட்டினார், அளந்தார். மற்றதில் புதுப் பொருள்களும் புது விதிகளும் வந்தன, ஆனால் கட்டுநரை யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் உலகம் மிகச் சிறியது. அது தானாகப் பெரிதாகும் என்று எதிர்பார்த்ததுதான் அந்தக் காலத்துக் கொள்கையின் பெரிய குறை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆர்வமுள்ள கட்டுநர் எங்கே இருந்தாலும் தேடிப்போய்க் கற்பார். கற்க வேண்டிய மற்றவர்கள் எந்த விருப்பத் திட்டத்திலும் பெயர் கொடுப்பதில்லை.

உரிமம் வந்தது, பாடம் வரவில்லை

மக்களின் கோபம் முற்றியதும் மாகாண அரசு முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. ஆணையத்தின் அறிக்கை 1998 ஜூனில் வந்தது. அதுவரை அந்த மாகாணத்தில் வீடு கட்டித் தரும் தொழிலுக்கு மாகாண உரிமம் என்று ஒன்று கிடையாது. யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டித் தொழில் தொடங்கலாம். அதே ஆண்டு வீட்டு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1999 ஜூலை 1 முதல் கட்டுநர் உரிமமும், மூன்றாம் தரப்பு உத்தரவாதக் காப்பீடும் கட்டாயமாயின. உத்தரவாதக் காலம் இப்படி: வேலையிலும் பொருளிலும் வரும் குறைகளுக்கு 2 ஆண்டு வரை, நீர் ஊடுருவலையும் சேர்த்து வெளியுறைக்கு 5 ஆண்டு, கட்டமைப்புக்கு 10 ஆண்டு.

இது நல்ல ஏற்பாடு. காப்பீட்டு நிறுவனம் தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள மோசமான கட்டுநரைத் தவிர்க்கும். ஆனால் உரிமம் பெற "உனக்கு என்ன தெரியும்?" என்று யாரும் கேட்கவில்லை. காப்பீடு கிடைத்தால் உரிமம் கிடைத்தது. அந்தக் கேள்வி விதியாக வர 2016 ஜூலை 4 வரை, ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஆயின. அன்று முதல் புதிதாக விண்ணப்பிப்பவர் கட்டடச் சட்டவிதிகள், கட்டுமானத் தொழில்நுட்பம், மேற்பார்வை, வாடிக்கையாளர் சேவை, நிதி, சட்டம், தொழில் நிர்வாகம் என்று ஏழு துறைகளில் தகுதி காட்ட வேண்டும். தனக்குத் தானே வீடு கட்டிக்கொள்பவருக்கும் ஒரு தேர்வு வந்தது. உரிமம் வைத்திருக்கும் கட்டுநர் ஆண்டுக்கு 20 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்தால்தான் புதுப்பிக்க முடியும் என்பதும் அப்போது வந்ததுதான்.

எண்ணைக் கையில் கொடுத்த சட்டம்

2017 ஏப்ரலில் மாகாணம் எரிசக்திப் படிநிலை விதியைக் கொண்டு வந்தது. வீடுகளுக்கு ஐந்து படிகள். இரண்டாம் படியில் காற்றுக்கசிவு 3.0-க்குள், மூன்றாவதில் 2.5, நான்காவதில் 1.5, ஐந்தாவதில் 1.0. 2032-க்குள் புது வீடுகள் எல்லாம் நிகர-பூஜ்ய எரிசக்திக்கு (ஓர் ஆண்டில் செலவாகும் எரிசக்தியைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் நிலைக்கு) தயாராக இருக்க வேண்டும் என்பது இலக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது முதல் படிதான். அதில் காற்றுக்கசிவுக்கு இலக்கே கிடையாது! 2023 வரை அதன்படி வழக்கம்போலக் கட்டலாம் என்று இருந்தது. ஆனால் வீட்டின் எரிசக்தித் தேவையை எரிசக்தி ஆலோசகரை வைத்துக் கணினியில் கணித்துப் பார்க்க வேண்டும், கட்டி முடித்ததும் கசிவைச் சோதிக்க வேண்டும். எண் எவ்வளவு வந்தாலும் சரி, அதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். இருபது ஆண்டு தொழிலில் இருந்தும் தன் வீடு எவ்வளவு கசிகிறது என்று ஒருமுறைகூட அறியாத கட்டுநருக்கு, தண்டனைப் பயம் இல்லாமல் அதை அறிய வைத்தது அந்த முதல் படி. கல்வி என்ற வகையில் இது மிகக் கூர்மையான ஏற்பாடு.

சோதனை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் விளக்குகிறேன். வாசற்கதவைத் திறந்து, அந்த இடத்தில் துணி போர்த்திய சட்டம் ஒன்றைப் பொருத்தி, அதில் விசிறியை மாட்டுவார்கள். ப்ளோவர் டோர் என்று சொல்வது இதைத்தான். விசிறி வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்க, உள் அழுத்தம் வெளியைவிட 50 பாஸ்கல் குறையும். வீட்டின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்று மோதுவது போன்ற நிலை. அந்த அழுத்தத்தைக் காக்க விசிறி மணிக்கு எவ்வளவு காற்றை இழுக்கிறதோ, அவ்வளவு காற்று ஓட்டைகள் வழியே உள்ளே வருகிறது. 600 கனமீட்டர் கொள்ளளவுள்ள வீட்டில் விசிறி 1,500 கனமீட்டர் இழுத்தால் கசிவு 2.5. மூன்றாம் படிக்குச் சரியாகத் தேறும். ஐந்தாம் படிக்கு அதே வீட்டில் 600 கனமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

முடிவில் செய்யும் சோதனை தீர்ப்பு மாதிரி, திருத்த நேரம் இருக்காது. உண்மையான வகுப்பறை என்பது நடுவில், ஜிப்சம் பலகை ஏறுவதற்கு முன் செய்யும் சோதனை. விசிறி ஓடும்போது புகைக்குழலோடு வீட்டைச் சுற்றி வந்தால், புகை எங்கே கலைந்து ஓடுகிறதோ அங்கே ஓட்டை. மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே உத்தரங்களின் முனை சுவரில் முடியும் இடம், வெளிச்சுவரில் பதித்த மின்பெட்டிகள், உள்சுவரின் தலைச்சட்டம் பரணைத் தொடும் இடம், குளியலறை விசிறிக் குழாய் வெளியேறும் துளை, பரண் மூடியின் விளிம்பு. ஏறக்குறைய எந்த வீட்டிலும் இந்த ஐந்தில் குறைந்தது மூன்று அகப்படும். மின்பணியாளர் துளையிட்டது தன் கண்முன்னே புகையை விழுங்குவதைப் பார்த்தால், அடுத்த வீட்டில் துளையிட்ட கையோடு சீலண்ட் துப்பாக்கியையும் எடுப்பார். ஒரு நாள் முழுக்கப் படக்காட்சி போட்டாலும் இது நடக்காது.

ஐந்தாறு ஆண்டு இப்படி அளந்து பழகிய பிறகு, 2023 மே மாதத்தில் மூன்றாம் படி, அதாவது முந்தைய அடிப்படை விதியைவிட 20 சதவீதம் மேம்பட்ட திறன், மாகாணம் முழுக்கப் புது வீடுகளுக்குக் கட்டாயமானது. அளக்கும் பழக்கம் முன்னால் வந்து, வரம்பு பின்னால் வந்த இந்த வரிசையைத்தான் மற்ற இடங்கள் கவனிக்க வேண்டும்.

வகுப்பறைக்கும் இடம் உண்டு

விசிறி காட்டாத விஷயங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட ஆசிரியர் வேண்டும். உதாரணமாக, பஞ்சுப் பொட்டலத்தில் அச்சிட்ட காப்பு எண்ணைச் சுவரின் காப்பு என்று நினைப்பது. 140 மி.மீ. ஆழச் சுவரில் பஞ்சின் வெப்பத்தடை 3.87 என்று வைப்போம். அதே ஆழத்து மரச்சட்டத்தின் தடை 1.17 அளவில்தான் இருக்கும். சட்டங்கள், குறுக்குச் சட்டங்கள் எல்லாம் சேர்ந்து சுவரின் 23 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வது வழக்கம். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த அடுக்கின் உண்மைத் தடை 2.5 அளவுக்கு இறங்குகிறது. 23 சதவீத மரம் வழியே போகும் சூடு, மீதி 77 சதவீதப் பஞ்சு வழியே போகும் சூட்டுக்கு ஏறக்குறைய சமம். இந்தக் கணக்கை ஒருமுறை தன் கையால் போட்ட கட்டுநருக்கு, சட்டங்களுக்கு வெளியே ஒரு தொடர் காப்புப் பலகை ஏன் வேண்டும், மூலையில் தேவையில்லாமல் நான்கு சட்டம் ஏன் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காற்றோட்டமும் அப்படித்தான். கசிவைக் குறைத்த வீட்டில் சமையலறைப் புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் ஓட்டினால் உள் அழுத்தம் இறங்கும். புகைக்குழாய் வழியே இயல்பாக மேலேற வேண்டிய நீர்சூடேற்றியின் எரிவாயுப் புகை, கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து வீட்டுக்குள்ளேயே திரும்பும். உயிர் போகும் விஷயம் இது. காற்றுத்தடையைச் சொல்லிக்கொடுக்கும் அதே நாளில், வெளிக்காற்றைத் தனிக் குழாயில் எடுத்து மூடிய அறையில் எரிக்கும் கருவிகளையும், சூடு மீட்கும் காற்றோட்டக் கருவியின் அளவைச் சரிபார்ப்பதையும் சொல்லிக்கொடுக்காத பாடத்திட்டத்தை நான் ஏற்க மாட்டேன்.

இன்னும் அடையாத இடம்

20 புள்ளி ஏற்பாட்டில் எனக்கு இரண்டு வருத்தங்கள் உண்டு. முதலாவது, புள்ளி வருகைக்குக் கிடைக்கிறது. நிதி மேலாண்மை வகுப்பில் உட்கார்ந்தாலும் புள்ளிதான், காற்றுத்தடைப் பட்டறையில் டேப் ஒட்டிப் பழகினாலும் புள்ளிதான். தொழில் நடத்த நிதியறிவும் தேவை, மறுக்கவில்லை. ஆனால் சுவருக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தொடாமலே பல ஆண்டு புதுப்பித்துக்கொண்டு போக வழி இருக்கும்வரை, தயங்குபவர் அந்த வழியில்தான் போவார்.

இரண்டாவது இன்னும் பெரியது. உரிமம் கட்டுநர் நிறுவனத்துக்கு. வகுப்புக்குப் போவது அதன் பொறுப்பாளர். பாலித்தீன் தாளை மடித்து ஒட்டுபவர், ஜன்னலின் அடியில் தகடு செருகுபவர், மின்பெட்டிக்குத் துளையிடுபவர் எல்லாம் துணை ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்கள். 1996-இல் கண்டுபிடித்த அந்த 90 சதவீதக் கோளாறும் அவர்கள் கை படும் இடத்தில்தான் இருந்தது. அவர்களிடம் பாடம் போய்ச் சேர்வது இன்றும் பொறுப்பாளரின் நல்ல மனதைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சோதனை ஏற்கெனவே நடக்கிறது. ஜிப்சம் ஏறுவதற்கு முன் நடக்கும் சோதனையைக் கட்டாயமாக்கி, அன்று மின்பணியாளரும் குழாய்ப் பணியாளரும் ஜன்னல் பொருத்துபவரும் வீட்டில் இருக்க வேண்டும் என்று விதிக்கலாம். கண்டுபிடித்த ஓட்டைகளையும் அடைத்த விதத்தையும் ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டால், அந்தத் தாளுக்குத் தொடர்கல்விப் புள்ளி தரலாம். அதே கட்டுநரின் முந்தைய வீட்டுத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், போன முறை கசிந்த உத்தர முனை இந்த முறையும் கசிகிறதா என்பது தெரிந்துவிடும். கசிகிறது என்றால் அவருக்கு அடுத்த வகுப்பு எது என்பதையும் அந்தத் தாளை வைத்தே முடிவு செய்யலாம்.